நாற்பத்து மூன்று வீடுகளுக்கு ஒரே முகவரி

1

இந்த ஊரில் பல் பிடுங்கப் போகிற எல்லாருக்கும் கடிதம் எழுதுகிறவன் நான்தான். "அன்புள்ள இன்னாருக்கு, நாளை காலை ஒன்பதே காலுக்குப் பல் மருத்துவர் உங்களுக்காகக் காத்திருப்பார். வர முடியாவிட்டால் இன்றைக்குள் சொல்லிவிடுங்கள்." இப்படி ஒரு நாளைக்குச் சில ஆயிரம் மின்னஞ்சல்கள் போகின்றன. ஒன்றைக்கூட நான் கையால் எழுதுவதில்லை. கடிதம் எழுதும் நிரலை எழுதிவிட்டு, காப்பி குடிக்கப் போய்விடுவேன்.

பின்லாந்துக்கு வந்து இந்த ஆகஸ்டோடு பத்து வருஷம். அம்மாவிடம் என் வேலையைப் பத்து வருஷமாக விளக்கிப் பார்த்தாகிவிட்டது. கடைசியில் அவர் தனக்குத் தோதான ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்து ஊர்த் தோட்டத்து டிவிஷன் முழுக்கச் சொல்லிவிட்டார்: "மகன் வெளிநாட்டுத் தபால் கந்தோர்ல இருக்கான்." தபால் அலுவலகம் இல்லை என்று ஆரம்பத்தில் மறுத்தேன். இப்போது மறுப்பதில்லை. யோசித்துப் பார்த்தால் நான் சொன்ன எந்த விளக்கத்தையும் விட அதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

கடிதம் அனுப்புகிறவனுக்கும் கடிதம் வரும். என் வதிவிட அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை தவறாமல் ஒரு மின்னஞ்சல் வருகிறது: "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. இந்த மடலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம்." நான் அதில் விஷயத்தைப் படிப்பதில்லை. புள்ளி வைத்த எழுத்துகள் உடையாமல் வந்திருக்கின்றனவா, தலைப்பை ஒழுங்காகப் பொதிந்திருக்கிறார்களா என்று தொழில்காரனின் கண்ணால் பார்ப்பேன். வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது. யாரோ என்னைப் போல ஒருவன் இந்த நிரலை எழுதிவிட்டு எங்கேயோ காப்பி குடித்துக்கொண்டிருக்கிறான்.

அட்டை இல்லாமல் நாட்டை விட்டுப் போகலாம், திரும்பி வர முடியாது. அதனால்தான் என் தங்கை ஜெசிந்தாவின் கல்யாணத்துக்கு நான் ஊருக்குப் போக முடியாமல் போனது.

2

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையில், நிவித்திகலைக்குப் பக்கத்தில். கீழ் டிவிஷனில் ஆறு லயம், ஒவ்வொன்றும் ஒரே கூரைக்குக் கீழே ஒட்டிய வீட்டு வரிசை; எங்கள் வீட்டைத் தவிர நாற்பத்து மூன்று குடும்பம். அந்த டிவிஷனில் ஒரு கல்யாணம் என்றால் அழைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வீட்டு ஆண்பிள்ளை லயம் லயமாக இறங்கி ஏறி, ஒவ்வொரு வாசலிலும் நின்று, அந்த வீட்டுப் பெரியவரின் பெயரைச் சொல்லி, "முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்" என்று கேட்க வேண்டும். பெயர் சொல்லாமல் பொதுவாகச் சொன்னால் அது அழைப்பில் சேராது. "ஏதோ போற போக்குல சொன்னாங்க" என்பார்கள், கல்யாணத்தன்று கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். வரவே மாட்டார்கள், அவ்வளவுதான்.

அப்பா இறந்து நான்கு வருஷம் ஆகிறது. வீட்டில் ஆண்பிள்ளை நான் ஒருத்தன். நானோ துருவத்துக்குப் பக்கத்தில், அட்டைக்காகக் காத்துக்கொண்டு.

"வாட்ஸ்அப்ல போட்டுருவோமாம்மா?" என்று கேட்டேன்.

"போன்ல போட்டா அது அழைப்பா? அது அறிவிப்புடா. தண்ணி வராதுன்னு சொல்ற மாதிரி."

"அப்ப என்ன செய்ய?"

"கடுதாசி போடு. வீட்டுக்கு வீடு, பேரு போட்டு. நீதான் தபால் கந்தோர்ல இருக்கியே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே உற்சாகமும் வந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்களுக்கு ஆயிரக்கணக்கில் எழுதுகிறவனுக்கு, தெரிந்த நாற்பத்து மூன்று வீட்டுக்கு எழுதுவது பெரிய காரியமா? பெயர் மட்டும் போதாது, ஒவ்வொரு கடிதத்திலும் அந்த வீட்டுக்கென்று சொந்தமாக ஒரு வரி வைக்க வேண்டும் என்றும் முடிவு செய்தேன். பத்து வருஷத்தில் நான் யாரையும் மறக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். உள்ளதைச் சொன்னால், மறந்துவிட்டேனா என்ற பயம் எனக்குத்தான் இருந்தது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் பெயர்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முப்பத்தாறு வீட்டுக்கு வரி தானாக வந்தது. ஒருவர் எனக்குச் சைக்கிள் பழக்கினார், ஒருவர் வீட்டில்தான் முதலில் டீவி வந்தது, ஒருத்தி கோயில் பாட்டுக் குழுவில் என் காலை மிதித்தே தாளம் போடுவாள். ஏழு வீட்டுக்கு அம்மாவிடம் கேட்க வேண்டியிருந்தது. ஏழுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நாற்பத்து இரண்டு பெயரும் முடிந்த பிறகுதான் அம்மா அதைச் சொன்னார்.

"அந்தோனியம்மா வீட்டையும் போட்டுக்க. போடாட்டி நல்லா இருக்காது."

அந்தோனியம்மாவின் ஆடு மூன்று வருஷத்துக்கு முன் அம்மாவின் பயற்றங்கொடியை வேரோடு தின்றது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. கோயிலில்கூட ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். "ஒரு வரியெல்லாம் வேணாம், பேரு மட்டும் போதும்" என்றார் அம்மா. எனக்கு மனம் கேட்கவில்லை. நான் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் போன அன்று கொட்டு மழை. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அந்தோனியம்மா, நனையாமல் இருக்க இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து என் தலையில் போர்த்திவிட்டு, நாள் முழுக்க நனைந்துகொண்டே கொழுந்து பறித்தார். அதை அம்மாவுக்குச் சொல்லாமல் எழுதி வைத்தேன்.

3

என் மகள் ஈவாவுக்குப் பத்து வயது. தமிழ் புரியும், பதில் பின்னிஷில் வரும். கெஞ்சினால் தமிழில் வரும், ஆனால் பரீட்சைக்குப் பதில் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாக வரும். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று பட்டியலைப் பார்த்தாள்.

"அப்பா, எல்லாருக்கும் ஒரே ஈமெயில். அவங்க ஒரே வீட்டுல இருக்காங்களா?"

பெருமையாகத் திரும்பி உட்கார்ந்து பாடம் நடத்தினேன். லயத்துக்குத் தெருப் பெயர் கிடையாது, கதவு இலக்கத்தைத் தபால்காரர் பார்ப்பதில்லை. யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டக் கந்தோர் முகவரிக்குத்தான் வரும். கணக்கப்பிள்ளை ஐயா அதை எடுத்து வந்து, பின்னேரம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். மின்னஞ்சல் வந்த பிறகும் அதே பழக்கம்தான். நிவித்திகலை டவுனில் நசீர் நானாவின் கொமியூனிகேஷன் கடை இருக்கிறது; போட்டோக் கொப்பி, ரீலோட், விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் அங்கேதான். எந்தப் படிவத்தில் ஈமெயில் முகவரி கேட்டாலும் டிவிஷனே அந்தக் கடையின் முகவரியைத்தான் எழுதும். வந்ததை அவர் அச்சடித்து பஸ்ஸில் தோட்டத்துக்கு அனுப்புவார்.

"நாப்பத்து மூணு பேர், ஒரு அட்ரஸ்," என்றாள் ஈவா. "இது ஸ்பாம் மாதிரி இருக்கு."

"இது மரியாதைம்மா," என்றேன்.

இவ்வளவு விளக்கம் சொன்ன மனுஷன்தான் அடுத்த வாரம் அந்த வேலையைச் செய்தான் என்பதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து நினைவில் வைத்திருக்கவும்.

4

மின்னஞ்சல் செய்ய எங்களுக்கு ஒரு நிரல் தொகுப்பு இருக்கிறது. அதனிடம் ஒரு வெறும் கடிதம் கேட்டால் கொடுக்கும். யாரிடமிருந்து, யாருக்கு, என்ன தலைப்பு, உள்ளே என்ன என்று நாம் சொல்ல வேண்டும். பொதிகிற வேலை அதனுடையது. மின்னஞ்சல் போகும் பழைய பாதைகள் சிலதுக்கு ஆங்கில எழுத்தும் இலக்கமும் தவிர வேறொன்றும் தெரியாது. அதனால் தமிழை அப்படியே அனுப்பாமல், ஆங்கில எழுத்தும் இலக்கமுமாக மாற்றி, "இது இன்ன முறையில் பொதிந்தது" என்று ஒரு சீட்டும் ஒட்டி அனுப்பும். போய்ச் சேர்ந்த இடத்தில் சீட்டைப் பார்த்துப் பிரித்து, திரும்பத் தமிழாக்கிக் காட்டுவார்கள்.

வேலையில் இதை நான் தூக்கத்தில் செய்வேன். வீட்டிலோ, எல்லாவற்றையும் என் கையால் செய்ய வேண்டும் என்ற ஆசையில் தொகுப்பை ஓரமாக வைத்துவிட்டு நானே பொதிந்தேன். சீட்டில் உள்ளே இருப்பது தமிழ் எழுத்து என்று குறிக்க மறந்துவிட்டேன். மாதிரிக்கு ஒன்று அனுப்பியதும் நசீர் நானா கூப்பிட்டார். அவருக்குச் சொந்த ஊர் மாவனல்லை, நிவித்திகலைக்கு மாப்பிள்ளையாக வந்தவர். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து தெரியும்.

"தம்பி, என்னமோ பிரெஞ்சுல வந்தீக்கி."

"பிரெஞ்சா?"

"ஓ. 'ஏ'க்கு மேல கோடு போட்டு, கோடு போட்டு, பக்கம் முழுக்க அதுதான். பாரிஸ்ல இருக்கிற ஆருக்கும் அனுப்ப வேண்டியதா?"

சீட்டில் குறிக்காத தமிழை அவருடைய பழைய கணினி வேறு ஏதோ பாஷை என்று நினைத்துப் பிரித்திருக்கிறது. வெட்கத்தோடு தொகுப்பிடமே வேலையைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த மாதிரி நல்ல தமிழில் போய்ச் சேர்ந்தது. "இப்ப மாஷா அல்லாஹ், அச்சுப் போட்ட மாதிரி ஈக்கி" என்றார். பட்டியலைக் கொடுத்து நிரலை ஓடவிட்டேன். பிழை ஒன்றும் காட்டவில்லை. கையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தேன்.

5

மறுநாள் அலுவலகத்தில் பகல் சாப்பாட்டு மேசையில் இருந்தபோது அம்மாவின் அழைப்பு. அங்கே பின்னேர நிறுவை முடிந்திருக்கும் நேரம்.

"டேய், என்னடா பண்ணி வச்சிருக்க?"

"என்னம்மா ஆச்சு?"

"மகன் பேரு போட்டு கடுதாசி அனுப்புறான்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன். மடுவத்துல கூடையக் கழட்டி வச்சிட்டு டிவிஷனே நிக்குது. கணக்கப்பிள்ளை ஐயா ஒரு பேரு கூப்பிட்டாரு. அந்தோனியம்மான்னாரு. அம்புட்டுத்தான். கைய விரிச்சிட்டாரு."

"ஒன்னுதானா?"

"ஒன்னே ஒன்னு. அதுவும் அவளுக்கு. நாப்பத்திரெண்டு குடும்பமும் என் மொகத்தப் பாக்குது. எனக்கு எங்க போயி ஒளியிறதுன்னு தெரியல. கல்யாணத்துக்கு ஆளு வருமாடா இனி?"

சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். நசீர் நானாவைக் கேட்டால், "ஒன்னுதான் வந்திச்சி தம்பி. மத்தது பொறகு வரும்னு நெனச்சிட்டன்" என்றார். நிரலைத் திறந்தேன். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை, முதல் பார்வையிலேயே பிழை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

இங்கே ஓர் ஆளுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி. அதனால் பல் மருத்துவரின் கடிதங்களுக்கு நான் எப்போதும் முகவரிக்கு ஓர் அறை என்று வைத்து, அந்த அறைக்குள் ஆளின் விவரத்தைப் போடுவேன். அதே பழக்கத்தில் ஊர்ப் பட்டியலையும் போட்டிருக்கிறேன். நாற்பத்து மூன்று வீட்டுக்கும் ஒரே முகவரி என்பதால் அறையும் ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது வீடு வந்ததும் முதல் வீடு வெளியே போயிற்று. மூன்றாவது வந்ததும் இரண்டாவது. கடைசியாக வந்தது அந்தோனியம்மா. அவரைத் தள்ள யாரும் வரவில்லை. கணினி சொன்னதைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. லயத்தில் பிறந்து, பெயர் கூப்பிடுவார்களா என்று மடுவத்தில் காத்து நின்று வளர்ந்தவன் நான். ஒரு முகவரியில் ஒரு டிவிஷனே இருக்கும் என்பது என் வாய்க்குத் தெரிந்திருக்கிறது, மகளுக்குப் பாடம் நடத்துகிற அளவுக்கு. கைக்கு மறந்துவிட்டது. பத்து வருஷம் என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் இனி இதைத்தான் சொல்வேன்.

ஒரு மணி நேரத்தில் அம்மா திரும்பக் கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

"வந்துட்டாடா."

"யாரும்மா?"

"அவதான். கடுதாசிய கையில புடிச்சிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறா. 'அக்கா, எனக்கு மட்டும் கடுதாசி போடுற புள்ளயா அவன்? மிசினு ஏதோ பெசகிருச்சு. போன் போட்டு என்னான்னு கேளுங்க'ங்கிறா. நா சொல்றதுக்குள்ள அவளே எறங்கிப் போயி ஆறு லயத்துலயும் சொல்லிட்டு வந்துட்டா. நாளைக்கு எல்லாருக்கும் வருது, கோவிச்சுக்காதீங்கன்னு."

"ஆட்டுப் பேச்சு எடுத்தாங்களா?"

"எடுக்கல. நானும் எடுக்கல. டீ குடுத்தேன்." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "படங்கு கதைய ஏன்டா எனக்கு இத்தன வருசம் சொல்லல?" என்றார்.

6

இந்த முறை லயமும் வீட்டு இலக்கமும் வைத்து அறை பிரித்தேன். நாற்பத்து இரண்டு வீடு, நாற்பத்து இரண்டு அறை. விரல் விட்டே எண்ணினேன். ஆறு கடிதம் போனதும் நசீர் நானாவின் கணினி மிச்சத்தைக் குப்பைப் பெட்டிக்குத் தள்ள ஆரம்பித்தது. ஒரே ஆள், ஒரே முகவரிக்கு, ஒரே மூச்சில் இத்தனை கடிதமா என்று அதற்குச் சந்தேகம். "நான் சொன்னேன்" என்றாள் ஈவா. சுத்தமான தமிழில், கெஞ்சாமலே வந்தது. குத்திக்காட்ட மட்டும் தாய்மொழிதான் வசதி போலிருக்கிறது.

கடிதத்துக்குக் கடிதம் இரண்டு நிமிஷம் இடைவெளி விட்டு அனுப்பினேன். குப்பைக்குப் போனவற்றை நசீர் நானா ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். எல்லாவற்றையும் அச்சடித்து, தன் செலவில் உறையும் போட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். "கலியாணக் கடிதம் தம்பி, மடிச்சி அனுப்பினா சரியில்ல" என்றார்.

அன்றைக்கு மடுவத்தில் நிறுவை முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லையாம். கணக்கப்பிள்ளை ஐயா கதிரை போட்டு உட்கார்ந்து பெயர் கூப்பிட்டிருக்கிறார். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் அங்கேயே பிரித்துப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். சைக்கிள் பழக்கியவர் தன் வரியை நான்கு பேரிடம் கொடுத்து நான்கு தடவை கேட்டாராம். எல்லாரும் அம்மாவிடம் வந்து "குடும்பத்தோட வந்துர்றோம்" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். இதையெல்லாம் அம்மா மூச்சு விடாமல் சொன்னார். சொல்லி முடித்தும் போனை வைக்கவில்லை.

"அம்மா?"

"ஒன்னுமில்ல. எல்லார் பேரும் கூப்பிட்டாங்க. கடைசிப் பேரு வரைக்கும் நானும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்."

எனக்குப் புரியச் சில விநாடி ஆயிற்று. "அம்மா, கல்யாணமே நம்ம வீட்டுது. உங்களுக்கு யாரு அழைப்பு வைக்கிறது?"

"சரி, சரி. எனக்குத் தெரியாதா? சும்மா சொன்னேன். போய் வேலையப் பாரு."

வேலையைப் பார்க்க முடியவில்லை. பத்து வருஷமாக வாரம் தவறாமல் போன் பேசுகிறேன். அதனால் அம்மாவுக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. பல் வலிக்காரர்களுக்கு நான் அனுப்பியவை எத்தனை இலட்சம் இருக்கும் என்று எனக்கே தெரியாது. அவற்றோடு ஒன்றாவது அம்மாவின் பெயரில் அந்த மடுவத்துக்குப் போயிருக்கலாமே. தபால் கந்தோரில் வேலை செய்கிறவனின் தாய், பத்து வருஷமாக மற்றவர்களின் பெயர்களைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

அன்று பின்னேரமே உட்கார்ந்தேன். பட்டியல் இல்லை, அச்சு வார்ப்பு இல்லை. தொகுப்பிடம் ஒரே ஒரு வெறும் கடிதம் கேட்டு வாங்கினேன். தலைப்பில் அம்மாவின் பெயரை முழுதாக எழுதினேன்: திருமதி மரியபுஷ்பம் அவர்களுக்கு. மற்ற வீடுகளுக்கு ஒரு வரி எழுத ஐந்து நிமிஷம் போதுமாக இருந்தது. இதற்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு வரியோடு நிற்கவும் இல்லை. முன்னே நின்று நடத்தித் தர வேண்டும் என்றும் கேட்டிருந்தேன், எல்லாரிடமும் கேட்டது போலவே. மற்றது அவருக்கும் எனக்கும். ஈவா தன் பங்குக்கு அடியில் தமிழில் பெயர் எழுதினாள், நான்கு முறை அழித்து அழித்து.

நசீர் நானா அதைத் தனி உறையில் போட்டு அனுப்பினார். அடுத்த நாள் பகல் நானே கூப்பிட்டேன்.

"மடுவத்துக்குப் போனீங்களாம்மா?"

"போகாம? கொழுந்து நிறுக்கணுமே."

"பேரு கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க. மரியபுஷ்பம்னு கணக்கப்பிள்ளை ஐயா நல்லா சத்தமாத்தான் கூப்பிட்டாரு."

"ஒடனே போய் வாங்கிட்டீங்களா?"

"இல்ல," என்றார் அம்மா. "இன்னொரு தடவ கூப்பிடட்டும்னு நின்னேன்."